இரும்பும் நோன்பும்

பேகம்பூர் சேக் பரீது என்றால் திண்டுக்கல்லில் கல்யாணம் செய்து வைத்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அவர் பண்டாரி. நிக்காஹ் வீடுகளில் அடுப்பு மூட்டி, ஆள் உயரத் தேக்சாப் பாத்திரத்தில் நெய்ச்சோறு இறக்குகிறவர். உடம்பும் அந்தத் தேக்சாவுக்குச் சளைத்ததல்ல. உப்புப் பார்க்க ஒரு சிட்டிகை போதும் என்று மற்றப் பண்டாரிகள் சொல்லும்போது, அவர் ஒரு கை நிறைய அள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, "இன்னும் செத்த நேரம் தம்முல கெடக்கட்டும்" என்பார்.

அறுபத்திரண்டாம் வருஷம் புரட்டாசியில், ஒரு கல்யாண வீட்டு அடுப்புக்கு முன்னால் கரண்டியும் கையுமாகச் சாய்ந்தார். இடது கையும் இடது காலும் போயின. வாய் மட்டும் போகவில்லை.

அதன் பிறகு அவருக்குக் கட்டில், நாற்காலி, கொல்லைப்புறம் ஆகிய மூன்று இடங்கள்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவரைத் தூக்கிப் போக வேண்டும். மனைவி காதர் பீவி சிறிய உடம்புக்காரி. தெருவில் ஆண்கள் இருந்தார்கள், கூப்பிட்டால் வருவார்கள். சேக் பரீது கூப்பிட விடவில்லை.

"அந்நிய ஆம்பளை கை என் ஒடம்புல பட வேணாம். கடைசியாக் குளிப்பாட்ட ஒருத்தன் வருவான்ல, அன்னைக்குப் படட்டும். அதுவரைக்கும் எம் மவன் தூக்குனாப் போதும்."

மகன் நூர் அகமது தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். மாலையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவான். எதையும் வரிசையாகச் செய்கிறவன். செய்து முடித்த பிறகு சரியாகத்தான் செய்தோமா என்று சந்தேகப்படுகிறவன். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவான், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவான். தகப்பனைத் தூக்கும்போதும் அப்படித்தான். எந்தக் காலை எங்கே வைப்பது, எந்தக் கையை எதன் கீழே கொடுப்பது என்று மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் குனிவான்.

கார்த்திகையில் ஒரு மழைநாள் காலை, சேக் பரீது கட்டிலிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தார். மனத்துக்குள் ஓட்டிப் பார்க்க நேரமில்லை. நூர் அகமது ஓடிப்போய்க் குனிந்து, வளைந்தபடியே இழுத்து, அப்படியே பக்கவாட்டில் திரும்பினான். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஏதோ மளுக்கென்றது. தகப்பனும் மகனும் ஒரே தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். "இப்ப யாரு யாரைத் தூக்குறது?" என்று கேட்டுச் சேக் பரீது சிரித்தார். நூர் அகமதுவால் சிரிக்க முடியவில்லை.

பல வாரங்கள் அவன் பலகையில் மல்லாக்கப் படுத்துக் கிடந்தான். வலி வந்த வழியே போனது. போகும்போது இடது பாதத்தின் வெளிப்பக்கத்தையும் கெண்டைக்காலையும் மரத்துப்போகச் செய்துவிட்டுப் போனது. நடந்துகொண்டிருக்கும்போது செருப்பு கழன்றால் தெரியாது. யாராவது சொன்னால்தான் தெரியும். அது காலோடு நிற்கவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. தோல் ஷாப்பில் முதலாளி திட்டினால் உறைக்கவில்லை, டைப்ரைட்டிங் மாஸ்டர் பாராட்டினாலும் அப்படித்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதபோது, நாமும் அழ வேண்டிய இடம் இது என்று நினைத்துக்கொண்டான். அழுகை வரவில்லை. தன்னிடம் ஏதோ கோளாறு என்று டைரியில் எழுதினான். எழுதியதும் அதுவும் சரியான வார்த்தையா என்று சந்தேகமாக இருந்தது.

அவன் படுத்திருந்த நாட்களில் அக்கா நர்கீஸும் அவள் புருஷன் ரஹ்மத்துல்லாவும் வேடசந்தூரிலிருந்து வந்து தங்கினார்கள். ரஹ்மத்துல்லா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தான். கூடப் பிறந்த தம்பிமார், எல்லாரும் மூட்டை தூக்கிப் பழகியவர்கள். மாமனாரை அவன்தான் தூக்கினான். சேக் பரீது கண்ணை இறுக மூடிக்கொண்டு அதைப் பொறுத்துக்கொண்டார்.

மைத்துனன் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ரஹ்மத்துல்லா பேச்சை எடுத்தான்.

"மாப்ளே, இனிமே நீ தூக்க வேணாம். மாமாவை வேடசந்தூருக்குக் கூட்டிட்டுப் போறேன். வீட்ல இம்புட்டு ஆம்பளைங்க இருக்கோம். மாத்தி மாத்தித் தூக்குவோம்."

கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "மக வீட்ல போயி ஒக்காந்து திங்கச் சொல்றீயளா மருமகனே?"

"உங்க மக வீடுதானே மாமா."

"அதான் சொல்றேன். மக வீடு."

பேச்சு நீண்டது. கடைசியில் ரஹ்மத்துல்லா ஒரு கெடு வைத்தான். "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான் வாரேன். அன்னைக்கு இவன் ஒத்தையா உங்களைக் கட்டில்ல இருந்து தூக்கி, கொல்லை வரைக்கும் கொண்டுபோயி, திருப்பிக் கொண்டாந்து போடணும். செஞ்சுட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். முடியலைன்னா அன்னைக்கே வண்டி பிடிச்சு ஏத்திருவேன். இவன் முதுகும் போச்சுன்னா, அப்புறம் உங்க ரெண்டு பேரையும் யாரு பாக்குறது?"

அவன் கெட்டவனில்லை. சொன்னதில் நியாயம் இருந்தது. நூர் அகமது தலையாட்டினான். அன்று முதல் பெருநாள் வரைக்கும் அம்மாவும் அவனும் சேர்ந்து, போர்வையோடு அத்தாவை இழுத்து ஒருவிதமாக ஒப்பேற்றுவது என்று ஏற்பாடாயிற்று.

தர்ம ஆஸ்பத்திரி டாக்டர் அவனைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், காலைச் சுரண்டிப் பார்த்தார். "படுத்தது போதும். முதுகுத் தசையெல்லாம் தூங்கிக் கிடக்கு. அதுக்கு வேலை குடு. ஒரேயடியா இல்ல, கொஞ்சங் கொஞ்சமா" என்றார். கால் மரப்பு போகுமா என்று கேட்டான். போகலாம் என்றார். போகாமலும் இருக்கலாம் என்று அவர் சொல்லாததையும் அவன் கேட்டுக்கொண்டான்.

முதுகுக்கு வேலை கொடுக்கிற இடத்தைக் காட்டியவன் செபஸ்தியான். அதே தோல் ஷாப்பில், தோல் ஊறும் குழிகளில் வேலை. அவன் வயசுக்காரன்தான். மதுரையில் நடக்கிற ஆணழகன் போட்டியில் ஒருநாள் மேடையேற வேண்டும் என்பதே அவன் குறி. புகையிலைக் கிடங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் வாலிபர்கள் சேர்ந்து தேகப்பயிற்சிச் சாலை நடத்தினார்கள். கர்லாக்கட்டைகள், பார் கம்பிகள், இரும்புப் பட்டறையில் சொல்லி வார்த்த வட்டத் தட்டுகள், அவற்றைக் கோக்க நீளமான ஒரு கம்பி, ஒரு தூணில் மேலும் கீழும் பூட்டிய கப்பிகளும் கயிறும், ஆள் உயரக் கண்ணாடி ஒன்று. மூலையில் சரிவாக ஒரு பலகை. அதில் இடுப்பு வரை குப்புறப் படுத்து, குதிகால்களைக் கீழே ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டு, அந்தரத்தில் தொங்கும் மேலுடம்பை மேலே தூக்க வேண்டும். அதற்குக் குப்புறப் பலகை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"படு பாயி" என்றான் செபஸ்தியான்.

நூர் அகமது பலகையைச் சுற்றி வந்தான். ஆணிகளைத் தொட்டுப் பார்த்தான். காலை ஆட்டிப் பார்த்தான்.

"பொண்ணு பாக்க வந்தியா? படுலே!"

படுத்தான். மேலுடம்பு கீழே தொங்கியது. மூக்குக்கு நேரே மண் தரை. எழு என்று உடம்புக்குச் சொன்னான். இடுப்புக்கு மேலே எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. செபஸ்தியான் நெஞ்சுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான். "நேராகுற வரைக்கும் போதும். பல்லி மாதிரிப் பின்னால வளையாத" என்றான். இரண்டாம் முறையும் தூக்கிவிட்டான். அன்று முழுக்க அப்படியே போயிற்று.

டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்ததும் நேரே கொட்டகைக்கு வருவது வழக்கமாயிற்று. முதலில் குப்புறப் பலகை. பிறகு கீழ்க் கப்பிக்கு முதுகைக் காட்டி நின்று, கால்களுக்கு நடுவே வரும் கயிற்றைப் பிடித்து, முதுகு வளையாமல் இடுப்பில் மட்டும் மடிந்து நிமிர்வது. கயிற்றின் அந்த முனையில் மணல் மூட்டை. இவை இரண்டும் பழகிய பிறகு கம்பி. தரையில் கிடக்கும் கம்பியைக் காலோடு ஒட்டி நின்று பிடித்து, மூச்சை வயிற்றில் கட்டி, எழுந்து நிற்பது. மரத்த கால் தரையில் ஊன்றியிருக்கிறதா என்பது உணர்ந்து தெரியாது என்பதால், ஒவ்வொரு முறையும் குனிந்து கண்ணால் பார்த்துக்கொள்வான். மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

மாசி பிறப்பதற்கு முன்பே, யாரும் கை கொடுக்காமல் பலகையில் நேராக வந்தான். கம்பியில் ஒரு தட்டு ஏறியது. பிறகு இன்னொன்று. செபஸ்தியான் முதுகில் அறைந்தான். "இது முதுகு! போன மாசம் இது வெந்த வாழைத்தண்டு!"

சந்தோஷப்பட வேண்டும் என்று நூர் அகமதுவுக்குத் தெரிந்தது. முன்னே பின்னே யோசித்துப் பார்த்ததில், இந்த முன்னேற்றம் தற்செயலாகக்கூட இருக்கலாம் என்று பட்டது.

இதற்கிடையில் ரமலான் வந்துவிட்டிருந்தது. முதல் பிறையன்றே சேக் பரீது, தானும் நோன்பு வைக்கப்போவதாகச் சொன்னார். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து பார்த்து, நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, அதற்குப் பதிலாக ஓர் ஏழைக்குச் சோறு கொடுத்தால் போதும் என்று எடுத்துச் சொன்னார்.

"ஏழைக்கும் குடுக்குறேன். நோன்பும் வைக்கிறேன்" என்றார் சேக் பரீது. "கையும் காலுந்தானே போச்சு. வயிறு நல்லாத்தானே இருக்கு?"

வேலைக் காலத்தில் ரமலானிலும் அடுப்பு முன்னால் வெந்தவர் அவர். அந்த மாதத்தில் நாள் தவறாமல் நோன்பு பிடித்த மனுஷனுக்கு, கடைசிக் காலத்தில் அதை விட மனசு வருமா? வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தெருவில் எல்லோரும் மெச்சினார்கள். முப்பதும் முடிந்து பெருநாள் கழிந்ததும் அடுத்த மாதமான ஷவ்வாலில் வைக்கிற ஆறு நோன்பு என்றார். அதுவும் முடிந்ததும் திங்களும் வியாழனும் நோன்பு வைப்பது நபிகள் காட்டிய சுன்னத்து என்றார். "அத்தாவுக்கு ஈமான் கூடிருச்சு" என்று நூர் அகமது டைரியில் எழுதினான். அதை எழுதும்போது தன் இறைநம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பங்குனியில் ஒருநாள், அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம். அத்தாவுக்குக் கொல்லைக்குப் போக அவசரம். நூர் அகமது கட்டிலருகே போய், கம்பியைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி நின்றான். இடது காலைப் பார்த்துக்கொண்டான். போர்வையோடு சேர்த்து அத்தாவை அணைத்தான். நல்ல கையை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டான். மூச்சைக் கட்டி நிமிர்ந்தான்.

வந்துவிட்டார்.

அவன் அப்படியே நின்றான். முதுகில் மளுக்கென்று எதுவும் இல்லை. "நிக்காத அப்பு, நட. அவசரம்" என்றார் சேக் பரீது.

அதற்குப் பிறகு அம்மாவின் கை தேவைப்படவில்லை. வாரத்துக்கு வாரம் அத்தா இலகுவாக வந்தார். போர்வையோடுதான் தூக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். உடம்பைத் துடைத்துவிடுவதும் சட்டை மாற்றுவதும் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாதான். மகன் கண்ணில் படுவது போர்வையும் தாடியும் வாயும் மட்டுமே. அந்த வாய் ஓயவில்லை. "நல்லாத் தூக்குறலே. இன்னுங் கொஞ்சம் பழகுனா தேக்சாவையே தூக்கலாம்."

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. கத்தரி வெயில் தகரக் கொட்டகையை அடுப்பாக்கியிருந்தது. நூர் அகமது கம்பியில் ஒரு சிறிய தட்டைக் கூடுதலாகக் கோத்தான். நின்றான், காலைப் பார்த்தான், பிடித்தான், இழுத்தான். கம்பி தரையை விட்டு எழவில்லை. மறுபடி இழுத்தான். எழவில்லை.

செபஸ்தியான் ஒரு முட்டையை உடைத்துப் பச்சையாக வாயில் ஊற்றிக்கொண்டிருந்தான். விழுங்கிவிட்டுச் சொன்னான்: "அந்தத் தட்டைக் கழத்துலே பாயி. நோன்புப் பெருநாளுக்கு முந்தியும் அது வரலை, இப்பவும் வரலை. உன் முதுகு அந்த எடத்துல குடிசை போட்டு ஒக்காந்துருச்சு."

"வீட்ல வருதே" என்றான் நூர் அகமது.

"என்ன வருது?"

"அத்தா. வர வர லேசா வாராரு. பஞ்சுப் பொதி கணக்கா. வீட்ல கூடுது, இங்க மட்டும் ஏன் நிக்குது?"

செபஸ்தியான் கண்ணாடி முன்னால் போய் நின்று கையை மடக்கினான். பந்தாகத் திரண்டதைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "இரும்பு பொய் சொல்லாதுலே. இரும்பு நோன்பும் வைக்காது. உங்க அத்தாதான் எளைச்சிருப்பாரு" என்று சிரித்துவிட்டு, மறு கையை மடக்கினான்.

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். நூர் அகமது கம்பியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வழக்கம்போல வரிசையாக யோசித்தான். கம்பி வழுக்குகிறதோ? இல்லை, சாம்பல் தடவியிருந்தான். மனுஷனைக் கட்டிப் பிடிப்பது சுலபம், இரும்பைப் பிடிப்பது கஷ்டமோ? அப்படியானால் பங்குனியிலும் அதே அளவுதான் சுலபமாக இருந்திருக்க வேண்டும். வாரா வாரம் சுலபமாக ஆகியிருக்கக் கூடாது. கழுத்தைச் சுற்றிய கையால் அத்தாவே தன்னை இழுத்துக்கொள்கிறாரோ? அந்தக் கை வர வரத் தளர்ந்துதான் கிடக்கிறது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்ததில் கடைசியில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

வீட்டுக்குப் போனான். அம்மா கொல்லையில் அம்மிக்கு முன்னால் இருந்தாள். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அத்தா என்ன சாப்புடுறாகம்மா?"

அம்மி நின்றது. "நோன்பு வச்சிருக்காகள்ல."

"நோன்பு தொறந்தப்புறம்?"

"பேரீச்சம்பழம்."

"அப்புறம்?"

"செத்த கஞ்சி."

"நோன்பு இல்லாத அன்னைக்கு?"

அவள் குழவியைத் தள்ளினாள், இழுத்தாள். அம்மியில் அரைக்க ஒன்றும் மிச்சமில்லை. "அதேதான்" என்றாள். பிறகு, கேட்காமலே சொன்னாள்: "ஒன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு ஆணை வாங்கிட்டாக. 'எங் கனத்தாலதான் எம் புள்ளை முதுகு போச்சு. மருமகன் வீட்டுக்கும் போக மாட்டேன், இவன் முதுகையும் ஒடைக்க மாட்டேன். சும்மா கொறைச்சாக் கேப்பான், நோன்புன்னா எவன் கேப்பான்'னாக. நான் என்ன செய்ய? நீயும் தூக்க ஆரம்பிச்சே. ஒம் மொகத்தப் பாத்தேன். சொல்ல வாயி வரலை."

நூர் அகமது கேட்டுக்கொண்டிருந்தான். இந்த இடத்தில் கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது, காத்திருந்தும் வரவில்லை. "சரிம்மா" என்று எழுந்தான்.

மறுநாள், பெருநாளுக்கு முந்தின நாள், அரஃபா நோன்பு. நல்லவர்கள் எல்லாரும் வைக்கிற நோன்பு, அத்தாவும் வைத்திருந்தார். தூக்கும்போது போர்வைக்கு மேலாகவே விரல்களை அழுத்திப் பார்த்தான். முதுகெலும்பு கணு கணுவாகக் கைக்குத் தட்டுப்பட்டது. விலா எலும்புகளுக்கு நடுவே விரல் இறங்கியது. குப்புறப் பலகையில் அவன் சேர்த்ததெல்லாம் இங்கே கழிந்திருந்தது. சாயங்காலம் பாங்கு சொன்னதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அத்தா ஒரு பேரீச்சம்பழத்தை வெகுநேரம் மென்றார். கஞ்சியில் இரண்டு வாய். கிண்ணத்தைத் தள்ளினார். "வயிறு கும்முன்னு ஆயிருச்சு" என்றார். உப்புப் பார்க்கவே கை நிறைய அள்ளுகிறவர்.

நூர் அகமது கிண்ணத்தை எடுத்து மூடி வைத்தான். சொன்னால் நாளைக்கு வண்டி வரும். சொல்லாவிட்டால் வண்டி வராது. ஆனால் வருகிற திங்களும் வரும், வியாழனும் வரும்.

பெருநாள் காலை ஈத்கா மைதானத்தில் தொழுதுவிட்டு வந்தான். புதுச்சட்டை முதுகில் ஒட்டியது. ரஹ்மத்துல்லாவும் நர்கீஸும் வேடசந்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். குர்பானிக் கறி ஒரு தூக்குவாளி நிறைய. சலாம் சொல்லி, தழுவி, தண்ணீர் குடித்து, அம்மா அடுப்பைப் பார்க்கப் போனதும், ரஹ்மத்துல்லா சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான்.

"என்ன மாப்ளே. பாப்பமா?"

நூர் அகமது கட்டிலருகே நின்றான். காலைப் பார்த்தான். குனிந்தான், அணைத்தான், நிமிர்ந்தான். அத்தாவைச் சுமந்து கூடத்தைத் தாண்டி, நிலைப்படி தாண்டி, கொல்லை வரைக்கும் போனான். முருங்கை மரத்தடியில் திரும்பினான். வந்த வழியே வந்து, கட்டிலில் சத்தமில்லாமல் இறக்கினான். மூச்சு வாங்கவில்லை. முதுகில் ஒரு சுளுக்குக்கூட இல்லை.

"அடேயப்பா!" என்றான் ரஹ்மத்துல்லா. உண்மையான சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது. "கொட்டகைக்குப் போனது வீண் போகலை. நான் தோத்தேன் மாமா. இனி வாயத் தொறக்க மாட்டேன்."

"சோறு திங்கவாவது தொறங்க மருமகனே" என்றார் சேக் பரீது. குரல் மட்டும் பழைய குரலாக இருந்தது.

பெருநாளன்று நோன்பு வைக்கக் கூடாது, அது ஹராம். ஆகவே அன்று எல்லோரும் சாப்பிட்டே ஆக வேண்டும். கட்டிலை ஒட்டிப் பாய் விரித்து, பெரிய சஹன் தட்டில் நெய்ச்சோறும் கறியும் கொட்டி நடுவில் வைத்தாள் அம்மா. ஆண்கள் மூவரும் ஒரே சஹனில். அத்தாவை நாற்காலியில் உட்கார்த்தி, சஹனை ஒரு முக்காலியில் அவர் கைக்கு எட்டும்படி உயர்த்தியிருந்தார்கள். ஒரே தட்டில் மூன்று பக்கமிருந்தும் கை போகும்போது, யார் எவ்வளவு தின்றார் என்பது தெரியாது. தட்டுக் காலியாகும், அவ்வளவுதான். சேக் பரீதுவின் கை சோற்றுக்குப் போனது, பிசைந்தது, ஒரு துண்டுக் கறியை எடுத்து மருமகன் பக்கம் தள்ளியது. மறுபடி போனது, பிசைந்தது, வாயருகே வந்தது. நாலைந்து பருக்கைகள் உள்ளே போயின. "நெய் செத்தக் கூடுதல்" என்று பேசிக்கொண்டே கை மறுபடி இறங்கியது.

நூர் அகமது தன் கையைச் சஹனிலிருந்து எடுத்தான்.

"மச்சான், அத்தா சாப்பிட்டாகன்னா என்னால தூக்க முடியாது."

ரஹ்மத்துல்லா மென்றுகொண்டே பார்த்தான். "என்ன மாப்ளே சொல்றே?"

"நான் ஒண்ணும் பலமாகலை. கொஞ்சம் ஆனேன். அப்புறம் நின்னுருச்சு. அத்தாதான் கொறைஞ்சுட்டாக. ரமலான்ல இருந்து சாப்புடலை. நோன்புன்னு சொல்லி. நான் தூக்கணுங்கறதுக்காக."

எழுந்து போய்ப் போர்வையை விலக்கினான். ஜிப்பாவை நெஞ்சு வரைக்கும் உயர்த்தினான். அத்தாவின் நல்ல கை சோறோடு வந்து தடுக்கப் பார்த்தது. நேரத்துக்கு வந்து சேரவில்லை. அடுப்படி வாசலில் நின்ற நர்கீஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சேக் பரீதுதான் பேசினார். "நீ அங்கிட்டு இரும்பக் கூட்டிக்கிட்டே போனே. நான் இங்கிட்டு இருந்து கொறைச்சுக்கிட்டே வந்தேன். நடுவுல எங்கிட்டாவது சந்திச்சுக்கிருவோம்னு பாத்தேன். தப்பா?"

"எங்க வீட்டுச் சோறு அம்புட்டுக் கசக்குமா அத்தா?" என்றாள் நர்கீஸ்.

"ஒஞ் சோறு கசக்காது தாயி. தின்னுட்டு ஒம் மாமியா மொகத்துல முழிக்கணும்ல, அதான்."

ரஹ்மத்துல்லா கையைக் கழுவினான். "இதுக்கு மேல பேச்சில்ல மாமா. வண்டி சொல்லிட்டு வாரேன். கோவிச்சுக்கிட்டாலும் சரி."

"வேணாம் மச்சான்" என்றான் நூர் அகமது. தன் குரல் யாரோ பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல அவனுக்குக் கேட்டது. "செபஸ்தியானை வரச் சொல்றேன். ஷாப்புக்குப் போறதுக்கு முந்தி ஒருக்கா, கொட்டகைக்குப் போறதுக்கு முந்தி ஒருக்கா. ரெண்டு பேருமாத் தூக்கிக்கிருவோம். நடுவுல வேணும்னா தெருவுல யாரையாச்சும் கூப்புடுறேன். அத்தா வயிறாரச் சாப்புடட்டும்."

"ரெண்டு பேருன்னா எனக்குச் சம்மதந்தான்" என்றான் ரஹ்மத்துல்லா மெதுவாக. "மாமா சம்மதிக்கணுமே."

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். சேக் பரீது சஹனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெய் உறைய ஆரம்பித்திருந்தது.

"அவன் யாரு? கண்ணாடியப் பாத்துப் பல்லக் காட்டுவான்னு சொன்னியே, அந்தப் பயலா?"

"அவந்தான்."

"போர்வையோடதான் தூக்கணும்."

"போர்வையோடதான் அத்தா."

"எங்கிட்டப் பேச்சுக் குடுக்கக் கூடாது."

"அதை அவன்கிட்டச் சொல்ல முடியாது. பேசுவான்."

சேக் பரீதுவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பா, அழுகையா என்று நூர் அகமதுவால் சொல்ல முடியவில்லை. அந்த வாய் புரட்டாசிக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் கோணும். பிறகு அவர் நல்ல கையைச் சஹனுக்குள் விட்டார். ஒரு கை நிறைய அள்ளினார். வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். இன்னொரு கை அள்ளினார். காதர் பீவி ஓடிவந்து இன்னும் கொஞ்சம் கறியை வைத்தாள். மற்றவர்கள் அவரைப் பார்க்காதது மாதிரி இருந்தார்கள். மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. நூர் அகமது ஒவ்வொரு கவளமும் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கு என்ன நினைக்க வேண்டும் என்று தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. சோறு நிறைந்த பக்கம் அத்தாவின் கைக்கு வரும்படி சஹனைத் திருப்பிவைத்தான்.

வெகுநேரம் கழித்துச் சேக் பரீது கையை உதறினார். ஏப்பம் விட்டார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"ஏலே நூரு."

"அத்தா."

"அந்தப் பயலை இப்பவே கூட்டிட்டு வா. ரொம்ப நாளைக்கப்புறம் தின்னுருக்கேன். கொல்லைக்குப் போகணும்."